எந்த ஆமை?

1780ஆம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ரிங்மர் என்ற ஊரில், குளிர்கால உறக்கத்தில் இருந்த ஓர் ஆமையை மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தார் கில்பர்ட் வைட். அதை வளர்த்துவந்த அவருடைய அத்தை ரெபெக்கா ஸ்னூக் அப்போதுதான் காலமாகியிருந்தார். மண் நிரப்பிய பெட்டியில் அதை வைத்து, குதிரை வண்டியில் எண்பது மைல் கடந்து, செல்பார்னில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார் வைட். வண்டியின் குலுக்கலில் ஆமை விழித்துக்கொண்டது. தோட்டத்தில் இறக்கிவிட்டதும் அதன் கடைசி வரை இரண்டு முறை நடந்துபோனது. மாலையில் குளிர் ஏறியதும் மறுபடி மண்ணுக்குள் புதைந்துகொண்டது.

வைட் ஒரு பாதிரியார். கண்ணில் பட்டதையெல்லாம் நாள் தவறாமல் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். 1789ஆம் ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் தாங்கி வெளிவந்த அவருடைய ‘செல்பார்னின் இயற்கை வரலாறு’ இயற்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களில் பெரும்புகழ் பெற்ற ஒன்று. அதில் ஓரிடத்தில் ஒரு சந்தேகம் அவரை உறுத்துகிறது. வாழ்நாளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மந்த உறக்கத்திலேயே கழித்துவிடுகிற, வாழ்வதில் பெரிய சுவை எதையும் காட்டாத ஒரு பிராணிக்குக் கடவுள் ஏன் இவ்வளவு நீண்ட ஆயுளை வாரிக் கொடுத்தார்? ஒரு குருவானவர் மனத்தில் இயல்பாக எழக்கூடிய கேள்விதான். படைப்பில் எதுவும் வீணில்லை என்று நம்புகிறவருக்கு அந்த ஆயுள் வீணாகத் தெரிந்தது.

ஆனால் அதே மனிதர் எழுதிய குறிப்புகளில் வேறோர் ஆமை நடமாடுகிறது. மழை என்றால் அதற்கு அப்படியொரு அச்சம். முதல் தூறல் விழுந்ததுமே ஒரு மூலையைத் தேடி ஓடி ஒதுங்கும். வெயில் இளைத்துப்போகும் பருவத்தில் தன் ஓட்டைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தி, கிடைக்கிற சூட்டை முழுதாக வாங்கிக்கொள்ளும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தனக்குத் தீனி வைத்த அந்த மூதாட்டி தோட்டத்துக்குள் வந்தால் தட்டுத்தடுமாறி அவரை நோக்கி நடக்கும். அந்நியர் வந்தால் ஏறெடுத்தும் பாராது. டிமத்தி என்ற பெயரில் ஆணாகவே கருதப்பட்ட அது உண்மையில் பெண் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. பாலினத்தில் தவறியபோதும் அதன் சுபாவத்தை வைட் தவறவிடவில்லை.

கடவுளிடம் கேள்வி எழுப்பும்போது வைட் பேசியது ‘ஆமை’ என்ற வகையைப் பற்றி. குறிப்பேட்டில் பதிந்ததோ அந்த ஓர் ஆமையை. சமய மரபுகளும் தத்துவ மரபுகளும் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மனிதரல்லாத உயிர்களிடத்தில் நமக்குக் கடமை உண்டென்றால் அந்தக் கடமை வகையின் மீதா, தனி உயிரின் மீதா? இறைவனின் கண் ஆமைகளின் மேல் இருக்கிறதா, இந்த ஆமையின் மேலும் இருக்கிறதா?

இதற்கு மிகத் தெளிவாக ஒரு விடையைச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமானிடிஸ். ஸ்பெயின் நாட்டின் கொர்டோபாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்தவர். ‘திகைத்தோருக்கு வழிகாட்டி’ என்ற நூலின் மூன்றாம் பகுதியில், இறைவனின் தனிப்பட்ட பராமரிப்பு மனிதருக்கு மட்டுமே உரியது என்கிறார். மற்ற உயிர்களில் அது வகையைக் காக்கிறது. தனி உயிரைக் கணக்கில் கொள்வதில்லை. இந்தச் சிலந்தி இந்த ஈயைப் பிடித்ததும் இந்த இலை இப்போது உதிர்ந்ததும் இறைவன் விதித்தவை அல்ல, தற்செயல் என்கிறார். காரணத்தையும் தருகிறார். இறைப் பராமரிப்பு அறிவின் வழியாகப் பாய்கிறது. எங்கே அறிவு இருக்கிறதோ அங்கேதான் அது தனி ஒருவரைத் தொடும்.

இவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிட முடியாது. தாயின் கண்ணெதிரே குட்டியை அறுக்கலாகாது என்று அதே நூலில் வாதாடுகிறார். குட்டிக்காகத் தாய்விலங்கு படும் துயரத்துக்கும் மனிதத் தாய் படும் துயரத்துக்கும் வேறுபாடில்லை, ஏனென்றால் தாயன்பு பகுத்தறிவிலிருந்து பிறப்பதில்லை என்கிறார். தனி விலங்கின் வலி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனாலும் இறைவனின் பார்வையில் அதற்குத் தனியிடம் தர அவருடைய தத்துவம் இடங்கொடுக்கவில்லை.

மற்ற மரபுகள் வேறு திசையில் பேசின. ஒரு சிட்டுக்குருவிகூடத் தந்தையின் அறிவின்றித் தரையில் விழுவதில்லை என்பது இயேசுவின் போதனை. நிலத்தில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது குர்ஆன். சைவ சித்தாந்தத்தில் உயிர்கள் எண்ணற்றவை, தோற்றம் இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வினைக்கு ஏற்ப உடலும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும் இறைவனால் கூட்டப்படுகின்றன. தனு, கரணம், புவனம், போகம் என்று அவற்றை வரிசைப்படுத்துவார்கள். கரணம் என்பதில் மனமும் அடக்கம். இந்தக் கணக்கின்படி ஒரே குளத்தில் கிடக்கும் இரண்டு ஆமைகள் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிரதிகள் ஆகா. அவை வெவ்வேறு வினையோடு, வெவ்வேறு மனத்தோடு, வெவ்வேறு வழியில் வந்து ஒரே நீரில் சந்தித்திருக்கும் இரண்டு உயிர்கள். வைணவத்தின் விசிஷ்டாத்வைதமும் உயிர்களின் பன்மையை விட்டுக்கொடுப்பதில்லை. இந்த வேறுபாடுகள் இறுதி உண்மை அல்ல என்று சொல்லும் அத்வைதமும், எந்த உயிரையும் தாழ்ந்தது என்று ஒதுக்குவதற்கு அந்த வாதத்தைப் பயன்படுத்துவதில்லை.

சமண மரபு இந்தக் கேள்வியை இன்னும் அருகில் சென்று பார்த்திருக்கிறது. இருபதாம் தீர்த்தங்கரரான முனிசுவிரதரின் சின்னமே ஆமை. சமண ஆகமங்களில் ஒன்றான ‘ஞாதாதர்மகதா’வில் இரண்டு ஆமைகளின் கதை வருகிறது. காசி நகருக்கு அருகே ஓர் ஏரி. இரை தேடிக் கரையேறிய இரண்டு ஆமைகளை இரண்டு நரிகள் சூழ்ந்துகொள்கின்றன. ஆமைகள் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. புரட்டியும் பிறாண்டியும் பார்த்த நரிகள், பலிக்காமல் சற்றுத் தள்ளி மறைந்து காத்திருக்கின்றன. ஓர் ஆமைக்குப் பொறுக்கவில்லை. நரிகள் போய்விட்டன என்று நினைத்து ஒவ்வொரு காலாக வெளியே நீட்டுகிறது. ஒவ்வொரு காலாக இழந்து, இறுதியில் உயிரையும் இழக்கிறது. மற்றது அசையாமல் நெடுநேரம் கிடந்து, பிறகு மெல்லத் தலையை நீட்டி நாலாபுறமும் பார்த்து, ஒரே மூச்சில் ஏரிக்குள் பாய்ந்து தப்பிக்கிறது.

புலன்களை அடக்கும் துறவிக்கும் அடக்காத துறவிக்கும் உவமையாகச் சொல்லப்பட்ட கதை இது. ஐம்புலன்களை உள்ளடக்குவதற்கு ஆமையை உவமை சொல்வது கீதையிலும் உண்டு, திருக்குறளிலும் உண்டு. அங்கெல்லாம் வருவது ஒரே ஆமை. எல்லா ஆமைக்கும் அதுவே பொது. சமணக் கதையில் மட்டும் இரண்டு ஆமைகள், ஒரே ஆபத்து, இரண்டு சுபாவங்கள். அறம் சொல்ல வந்த கதைசொல்லி, போகிற போக்கில் ஒரு விலங்கியல் உண்மையையும் தொட்டுவிட்டார்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வேபாஷ் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அந்தக் கதையின் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். காட்டில் வாழும் கிழக்கத்திய பெட்டி ஆமைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓட்டின் அடிப்பலகையைக் கதவுபோல மூடித் தன்னை முழுவதும் அடைத்துக்கொள்ளக்கூடிய இனம் அது. ஆமையைக் கையில் எடுத்துச் சற்று நேரம் வைத்திருந்து தரையில் விட்டபின், எவ்வளவு நேரத்தில் தலையை வெளியே நீட்டுகிறது, எவ்வளவு நேரத்தில் நடக்கத் தொடங்குகிறது என்று அளந்தார்கள். சில உடனே எட்டிப்பார்த்தன. சில நெடுநேரம் அசையவில்லை. மறுபடி மறுபடி சோதித்தபோதும் துணிந்தது துணிந்ததாகவும் தயங்கியது தயங்கியதாகவுமே இருந்தது. துணிந்த ஆமைகளின் உடல்சூடு காட்டில் கூடுதலாக இருந்தது. அதே நேரத்தில், வேட்டையாடும் விலங்குகளிடம் சிக்கும் அபாயமும் அவற்றுக்குக் கூடுதல் என்பதற்கான அறிகுறிகள் கிடைத்தன. நீண்ட கால இடைவெளிக்குப் பிறகும் இந்த வேறுபாடுகள் மாறாமல் தொடர்வதை 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

காசி ஏரிக்கரைக் கதையில் பொறுமை வென்றது, அவசரம் தோற்றது. காட்டில் கணக்கு அவ்வளவு நேர் இல்லை. துணிந்த ஆமைக்கு வெயில் கிடைக்கிறது, கூடவே ஆபத்தும் வருகிறது. தயங்கும் ஆமை பிழைக்கிறது, ஆனால் குளிர்ந்து கிடக்கிறது. இரண்டு சுபாவமும் நீடித்திருப்பதற்கு இரண்டுக்கும் ஏதோ ஒரு பலன் இருந்தாக வேண்டும்.

கலாபகஸ் தீவுகளில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. எஸ்பனோலா தீவின் பேராமை இனம் அழிவின் விளிம்புக்கு வந்தபோது அங்கே எஞ்சியிருந்தவை பன்னிரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் மட்டுமே. அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சிசாலையில் இருந்த மூன்றாவது ஆணையும் 1970களில் கொண்டுவந்து அவற்றோடு சேர்த்தார்கள். டியேகோ என்று பெயர் பெற்ற அந்த ஆமை முரட்டுத்தனமும் ஆரவாரமும் மிக்கது. இணைசேரும்போது எழுப்பும் ஒலியாலேயே பார்வையாளர்களை ஈர்த்தது. உலகப் பத்திரிகைகள் ஓர் இனத்தையே மீட்ட தந்தை என்று அதைக் கொண்டாடின. மரபணுச் சோதனை வேறொன்றைச் சொன்னது. தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஏறத்தாழ 2,000 குஞ்சுகளில் சுமார் நாற்பது விழுக்காட்டுக்குத்தான் டியேகோ தந்தை. சுமார் அறுபது விழுக்காட்டுக்குத் தந்தை, இ5 என்ற எண்ணால் மட்டும் குறிக்கப்பட்ட, சந்தடியில்லாத இன்னோர் ஆண். யாருக்கும் தெரியாமல் ஒரு சாது தன் பங்கைச் செய்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வேறுபாடு இருப்பதால் மட்டும் என்ன நிரூபணமாகிறது? இரண்டு கூழாங்கற்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று உருண்டை, ஒன்று தட்டை. அதற்காகக் கூழாங்கல்லிடம் நமக்குக் கடமை உண்டென்று யாரும் சொல்வதில்லை. ஆமைகளின் வேறுபாடும் அப்படிப்பட்டதாக ஏன் இருக்கக் கூடாது?

இந்த மறுப்புக்கு விடையாக வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிசாலையில் வாழ்ந்த ஓர் ஆமையைக் காட்டலாம். பிக்ஃபேஸ் என்பது அதன் பெயர். நைல் நதியைச் சேர்ந்த மெல்லோட்டு ஆமை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே தனியாக வாழ்ந்தது. ஒரு கட்டத்தில் தன் உடலைத் தானே புண்ணாக்கிக்கொள்ளத் தொடங்கியது. ஊழியர்கள் தொட்டிக்குள் ஒரு கூடைப்பந்து, ஒரு வளையம், சில குச்சிகள் போன்ற பொருள்களைப் போட்டார்கள். ஆமை பந்தை மூக்கால் தள்ளியது. வளையத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. தண்ணீர்க் குழாயைப் பிடித்து இழுத்தது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. ஊர்வனவற்றுக்கு விளையாட்டே கிடையாது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. விலங்குகளின் விளையாட்டை வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட கார்டன் பர்கார்ட்டும் சகாக்களும் 1996இல் இதைப் பதிவுசெய்தார்கள்.

கூழாங்கல்லுக்கும் பிக்ஃபேஸுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. கல் எங்கே கிடந்தாலும் கல்லுக்கு ஒன்றுமில்லை. அந்த ஆமைக்கோ நல்ல நாள் என்றும் கெட்ட நாள் என்றும் உண்டு. வேளாவேளைக்குத் தீனியும் தண்ணீரும் கிடைத்த போதும் அந்தத் தனி உயிருக்கு ஏதோ குறைந்தது. அந்தக் குறை தீர்ந்ததும் அது மாறியது. தனக்கென்று ஒரு நன்மை, ஒரு தீமை இருக்கும் உயிரின் தனித்தன்மை வெறும் வடிவ வேறுபாடு ஆகாது. மைமானிடிஸ் அறிவை வாசலாக வைத்தார். அறிவுக்கு வெகு முன்பே, நலமும் கேடும் உணரும் இடத்திலேயே, தனி உயிர் தொடங்கிவிடுகிறது.

அடுத்த கேள்வி உறவைப் பற்றியது. ஆமைகளுக்குத் தாய்ப்பராமரிப்பு இல்லை, கூட்டம் இல்லை, ஆகவே உறவும் இல்லை என்பது நெடுங்காலக் கருத்து. முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும் தாயைக் குஞ்சு பார்ப்பதே இல்லை என்பது பெரும்பாலான இனங்களுக்கு உண்மைதான். ஆனால் அமேசான் ஆற்றின் பெரிய ஆற்றாமைகள் நீருக்கடியில் ஒலி எழுப்பிக் குஞ்சுகளோடு தொடர்புகொள்வதையும், குஞ்சுகள் தாய்களோடு சேர்ந்து இடம்பெயர்வதையும் பிரேசில் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஊமை என்று எண்ணப்பட்ட ஏராளமான ஆமை இனங்கள் ஒலி எழுப்புகின்றன என்பதை 2022இல் ஒரு பெரிய ஒலிப்பதிவு ஆய்வு காட்டியது.

தனித்து வாழும் இனங்களில்கூட உறவு என்பது சூனியமாக இல்லை. இத்தாலியில் நில ஆமைக் குஞ்சுகளைக் கொண்டு செய்த சோதனை ஒன்று நுட்பமானது. சேர்ந்து வளர்ந்த இரண்டு குஞ்சுகளைப் புதிய இடத்தில் விட்டால் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. முன்பின் பார்க்காத இரண்டை விட்டால் நெருங்கி வந்து ஆராய்கின்றன, பிறகு விலகிப்போகின்றன. அதாவது, பழகிய முகம் எது, புதிய முகம் எது என்பது அவற்றுக்குத் தெரிகிறது. முட்டையிலிருந்து வெளிவந்து இன்னும் எதையுமே பார்த்திராத குஞ்சுகள், முகம்போல் அமைந்த படத்தை நோக்கியே நடக்க விரும்புகின்றன என்பதையும் அதே குழுவினர் 2020இல் கண்டார்கள். தாய்முகம் காணாத இனத்துக்கு முகத்தின் மேல் நாட்டம்!

சிவப்புக்கால் ஆமைகளை ஆராய்ந்த அன்னா வில்கின்சன் 2010இல் வெளியிட்ட சோதனையும் இதனோடு சேரும். வேலியைச் சுற்றிக்கொண்டுபோய்த் தீனியை அடைய வேண்டும். தாமாக முயன்ற ஆமைகளில் ஒன்றுகூட வழி கண்டுபிடிக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆமை சுற்றிப்போவதைப் பார்த்தவை எல்லாமே கண்டுபிடித்தன. வியன்னாவில் பேராமைகளுக்கு ஒரு குறிப்பிட்ட நிறப் பந்தைக் கடிக்கக் கற்றுக்கொடுத்தபோது, கூட்டமாகக் கற்றவை தனியாகக் கற்றவற்றைவிட விரைவில் தேறின. ஒன்பது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் பாடம் மறக்கவில்லை.

இவ்வளவையும் படித்தபின் ஆமைகள் நம்மைப் போலவே உணர்கின்றன என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதே வில்கின்சன் குழு அலெக்ஸாண்ட்ரா என்ற ஆமைக்குப் பல மாதங்கள் செலவிட்டுக் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கப் பயிற்சி தந்து, மற்ற ஆமைகள் அதைப் பார்த்துக் கொட்டாவி விடுகின்றனவா என்று பார்த்தது. விடவில்லை. மனிதரிடத்தில் ஒருவர் கொட்டாவி இன்னொருவரைத் தொற்றுவதை இரக்க உணர்வோடு தொடர்புபடுத்துவார்கள். ஆமைகளில் அதற்கான சுவடு இல்லை. ஆமையின் உறவு நம் உறவு அல்ல. அதன் சுபாவத்தை மதிப்பது என்றால் அந்த அந்நியத்தையும் சேர்த்து மதிக்க வேண்டும்.

ஆமை வளர்ப்பவர்களுக்கு இது நேரடியான விஷயம். கண்ணாடித் தொட்டியில் இரண்டு சிவப்புக்காது ஆமைகள் இருக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் ஒன்று கண்ணாடியோரம் வந்து நீந்தித் துடிக்கும். மற்றது காலடி அதிர்ந்ததும் கல்லிலிருந்து தண்ணீருக்குள் குதித்து மறையும். ஒன்று தீனியைப் பறித்துத் தின்னும். மற்றது அது தின்று முடியும்வரை மூலையில் நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெயில் காய்வதைப் பார்த்து, என்ன பாசம் என்று வீட்டார் மகிழ்வார்கள். பல நேரம் அது விளக்கின் சூட்டுக்கும் மேட்டு இடத்துக்கும் நடக்கும் போட்டி. முன்கால் நகங்களை மற்றதன் முகத்துக்கு எதிரே படபடவென்று அசைப்பது ஆண் ஆமை துணையை நாடும் சடங்கு. அடைபட்ட இடத்தில் ஓயாமல் அது தொடர்ந்தால் பெண்ணுக்குத் தொல்லை. தனியாக இருக்கிறதே, பாவம் என்று இரண்டாவதாக ஒன்றை வாங்கிவிடுவார்கள். பெரும்பாலும் தனித்தே வாழ இயன்ற உயிருக்கு அது துணையாக அமையாமல் ஓயாத பயமாகவே அமையக்கூடும். வாலிலும் காலிலும் கடிபட்ட பிறகுதான் அது வெளியே தெரியும்.

கண்ணாடியோரம் துடிப்பது தீனிக்காகத்தானே, அதை எப்படிப் பழக்கம் என்று சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. ரிங்மர் மூதாட்டியை நோக்கி நடந்த ஆமைக்கும் தீனிதான் காரணம். ஆனால் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன சமூகத்தில் சோறு போட்ட கையை அறிவது எப்போது இழிவானது? உணவின் வழியாக வரும் அடையாளம் காணுதல், உறவின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று. அதைச் சிறுமைப்படுத்தவும் வேண்டாம், அன்பு என்று பெரிதாக்கவும் வேண்டாம். ஓர் ஆமை எத்தனையோ உருவங்களுக்கிடையே ஒருவரைப் பிரித்தறிகிறது என்பதே போதுமான அளவுக்குப் பெரிய செய்தி.

சமயங்கள் ஆமைக்குத் தந்த பெருமையில் ஒரு சிக்கல் உண்டு. வங்கதேசத்தின் சட்டோகிராமில் பாயசீத் பிஸ்தாமி தர்கா இருக்கிறது. அதன் குளத்தில் வாழும் கறுப்பு மெல்லோட்டு ஆமைகளை, இறைநேசரால் சபிக்கப்பட்டு உருமாறிய தீய ஆவிகள் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். அதனால் யாரும் அவற்றைக் கொல்வதில்லை. வாழைப்பழமும் ரொட்டியும் கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். 2002இல் இந்த இனம் இயற்கையில் அற்றுப்போய்விட்டதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. பின்னர் அசாமில், ஹாஜோ ஹயக்ரீவ மாதவர் ஆலயக் குளம் உட்படப் பல இடங்களில் அது இருப்பது தெரியவந்தது. ஆந்திரத்தின் ஸ்ரீகூர்மத்தில் கூர்மாவதாரப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே நட்சத்திர ஆமைகள் பராமரிக்கப்படுகின்றன.

தர்காவில் அது சபிக்கப்பட்ட ஆவி. கோயிலில் திருமாலின் உரு. உவமையில் புலனடக்கம். எங்கும் ஆமை வேறொன்றுக்குப் பதிலாக நிற்கிறது. நம் ஊரில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி அதை அபசகுனமாகவும் ஆக்கியது. இத்தனை வேடங்களுக்கு நடுவே ஆமையை ஆமையாகப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. ஆனாலும் தர்காவிலும் கோயிலிலும் உள்ள நம்பிக்கைதான் மனிதரைக் குளத்தங்கரையில் குனிய வைத்தது; ஓர் இனத்தை வேட்டைக்காரரிடமிருந்து காத்தது. குளக்கரையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஊட்டுகிறவர், எது தயங்காமல் கைக்கு வரும், எது தூரத்தில் நிற்கும் என்பதையும் கவனிக்கத்தான் செய்வார். வகையின் புனிதத்தில் தொடங்கிய பழக்கம் தனி உயிரை அறிவதில் சென்று சேரும் வழி இது.

வகையின் மீதான கடமையும் தனி உயிரின் மீதான கடமையும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிவப்புக்காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் ஓடு ஏறத்தாழ ஓர் அடி நீளம் வரை போகலாம். ஆயுள் முப்பது ஆண்டுகளையும் தாண்டக்கூடும். தொட்டி போதாமல் போகும் நாளில் பலர் அதைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். தைவானிலும் சீனாவிலும் புண்ணியம் கருதி உயிர்களை விடுவிக்கும் பௌத்தச் சடங்கிலேயே இவை ஏராளமாக நீர்நிலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவை உள்ளூர் ஆமைகளின் வெயிலிடத்தையும் இரையையும் பறிக்கின்றன. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு; ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இறக்குமதியைத் தடைசெய்தது. விட்டவர் மனத்தில் கருணை இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கருணை அந்த ஓர் ஆமையைத் தன் கண்ணிலிருந்து அகற்றியதோடு முடிந்துவிட்டது. குளத்துக்குக் கேடு வந்தது. முன்பின் அறியாத நீரில் விடப்பட்ட அந்த ஆமைக்கும் நன்மை வந்ததென்று சொல்ல முடியாது.

நட்சத்திர ஆமையின் நிலை இதற்கு நேர்மாறு. ஆந்திரம், தமிழ்நாடு, வடமேற்கு இந்தியா, இலங்கை ஆகியவற்றின் வறண்ட காடுகளில் வாழ வேண்டியதைப் பிடித்து, சென்னை வழியாகவும் தென்கிழக்காசிய நாடுகளுக்குக் கடத்துகிறார்கள். அயல்நாட்டு வீடுகளில் அது அழகுப் பொருள். 2019இல் பன்னாட்டு வணிகத் தடையின் உச்சப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சட்டம் பேசுவது இனத்தின் மொழி. அப்படித்தான் பேச முடியும். ஆனால் துணிப்பையில் நூற்றுக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டவை விமான நிலையத்தில் மீட்கப்படும்போது, அதன்பின் நடப்பது எல்லாம் தனித்தனி உயிர்களைப் பற்றியது. எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாத ஆமையை ஏதோ ஒரு காட்டில் கொட்டிவிட முடியாது. எது தண்ணீர் குடிக்கிறது, எது தலையை நீட்டவே மறுக்கிறது, எதை மற்றவை நெட்டித் தள்ளுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பிழைக்கவைக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஆமை வைத்திருப்பவருக்கும் இதே பார்வை வேண்டும். இரண்டு இருந்தால் வெயில் காய இரண்டு மேடுகள், தீனிக்கு இரண்டு இடங்கள், ஒன்று மற்றதன் கண்ணில் படாமல் ஒதுங்க ஒரு மறைவு, கடி தொடங்கினால் தனித்தனித் தொட்டி. இனி வாங்க நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியது அதன் நிறத்தையோ விலையையோ பற்றிய கேள்வி அல்ல. துணிந்ததோ பயந்ததோ, எந்தச் சுபாவத்தோடு வந்தாலும் அந்த ஓர் ஆமையோடு முப்பது ஆண்டுகள் இருக்க முடியுமா, தமக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு விடை இல்லையென்றால், அதை வாங்காமல் இருப்பதே அவர்கள் அதற்குச் செய்யக்கூடிய நன்மை.